பழைய பதிவின் முதல் வெளியீட்டுக்கு ஒரு சொல்: ‘கிடப்புப் பதிவு’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் கேட்பு வட்டத்துக்காக நான் தொகுத்துவரும் ஜாஸ், ப்ளூஸ் வெளியீட்டுப் பட்டியலைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் எஸ்பிளனேட் நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்த தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர், ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்கு இப்போது என்ன வயதாகிறது என்று கேட்டார். ‘கோல்ட்ரேனின் புதிய இசைத்தொகுப்பு, 2018’ என்று நான் எழுதியிருந்த வரியைப் படித்தவர் வேறு எப்படிக் கேட்பார்? கோல்ட்ரேன் 1967இல் காலமானவர். அந்தத் தொகுப்பு 1963 மார்ச் 6 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. என் வரியில் பொய் எதுவும் இல்லை என்றாலும் அது படிப்பவரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டது. அதனால்தான், நெடுநாள் வெளிவராமல் கிடந்து இப்போது முதன்முதலாக வெளியாகும் பழைய பதிவைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்வியை உங்கள் முன் வைத்தேன். ஒரே வாரத்தில் நான்கு பரிந்துரைகள் வந்திருப்பதற்கு மனமார்ந்த நன்றி.

‘புதிய இசைத்தொகுப்பு’ என்னும் ஒரே தொடரால் நாம் இப்போது மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுட்டுகிறோம். ஜாஸ் கலைஞர் சார்லஸ் லாய்ட் தம் 86ஆம் பிறந்தநாளான 2024 மார்ச் 15 அன்று ‘தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ’ தொகுப்பையும், ப்ளூஸ் கலைஞர் பட்டி கை தம் 89ஆம் பிறந்தநாளான 2025 ஜூலை 30 அன்று ‘எய்ன்ட் டன் வித் த ப்ளூஸ்’ தொகுப்பையும் வெளியிட்டார்கள். முதுமையிலும் கூடத்துக்குள் சென்று புதிதாக வாசித்துத் தந்தவை அவை. அவற்றைப் புதியவை என்று சொல்வதில் யாருக்கும் மறுப்பு இராது. முன்பே வெளிவந்ததை மீண்டும் அச்சிட்டால் அது மறுவெளியீடு. அந்தச் சொல்லும் நிலைபெற்றுவிட்டது. இடர்ப்பாடெல்லாம் மூன்றாவதில்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் வாசிக்கப்பட்டு, அப்போது வெளிவராமல் போய், இன்று முதன்முதலாக நம் காதுக்கு வரும் பதிவை என்னவென்று அழைப்பது?

நூல் உலகில் நமக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, திருத்தக்கதேவர் புதுக்காப்பியம் இயற்றியிருக்கிறார் என்று எவரும் எண்ணவில்லை. இயற்றுவது ஒரு வினை, பதிப்பிப்பது வேறொரு வினை என்று மொழியே பிரித்து வைத்திருந்தது. இசைக்கும் அந்தப் பிரிவு வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘காப்பக வெளியீடு’ என்பது கேட்டவுடன் விளங்குகிறது, ஆனால் பதிவு எங்கே இருந்தது என்பதைப் பற்றி அது சொல்லும் செய்தி பெரும்பாலும் உண்மையாக இராது. கோல்ட்ரேனின் 1963ஆம் ஆண்டுப் பதிவில் வெளியீட்டு நிறுவனத்திடமிருந்த மூல ஒலிநாடா காணாமற்போயிற்று. அவர் கேட்டுப் பார்ப்பதற்காக வீட்டுக்கு எடுத்துச் சென்ற நகல், முதல் மனைவி நயிமாவின் குடும்பத்தாரிடம் தங்கியிருந்ததால்தான் ‘போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ நமக்குக் கிடைத்தது. ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் 1964 நவம்பரில் இண்டியானாவின் வாபாஷ் கல்லூரியில் பாடிய பதிவும் அப்படித்தான்: அவருடைய மேலாளர் டிக் வாட்டர்மேன் வைத்திருந்த நாடாக்களிலிருந்து 2022இல் ‘ஃபாரெவர் ஆன் மை மைண்ட்’ என்னும் பெயரில் வெளிவந்தது. இரண்டுக்கும் காப்பகத்தோடு தொடர்பில்லை.

‘மீட்புப் பதிவு’ என்ற பரிந்துரையில் உணர்ச்சி இருக்கிறது. யாழையும் வீணையையும் ‘மீட்டும்’ ஓசை அதில் ஒலிப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஆயினும் தொலைந்ததைத்தானே மீட்க முடியும்? ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ‘ஜஸ்ட் கூலின்’ 1959 மார்ச்சில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவாயிற்று. ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்து அதே குழு பேர்ட்லேண்ட் விடுதியில் நேரடியாக வாசித்ததைப் பதிவுசெய்த நிறுவனம் அதையே வெளியிட்டுவிட்டது. முந்தையது 2020 வரை காத்திருந்தது. அது தொலையவில்லை, அடுத்தது முந்திக்கொண்டது.

‘பரண் பதிவு’ என்று எழுதியிருந்த ஐயாவுக்கு என் தனி வணக்கம். படிமமாகப் பார்த்தால் நான்கிலும் அழகானது அதுவே. என் தயக்கம் முழுவதும் நம் ஊரைப் பற்றியது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை பரணைப் பார்த்ததில்லை. சொல்லை விளக்க முதலில் பரணை விளக்க வேண்டியிருந்தால், வகுப்பறையில் அது இரட்டைச் சுமையாகிவிடும்.

நான்காவதாக வந்த ‘கிடப்பிசை’யில் ‘கிடப்பு’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கோப்பு கிடப்பில் போடப்பட்டது என்று நாளிதழில் படிக்கும் எவருக்கும் அதன் பொருள் தெரியும். பதிவு வீட்டில் கிடந்ததா, நிறுவனத்தின் அலமாரியில் கிடந்ததா என்று சொல் எதையும் கூட்டிச் சொல்வதில்லை. வெளிவராமல் கிடந்தது என்ற ஒன்றை மட்டும் சொல்கிறது, அந்த ஒன்றுதான் மேலே கண்ட மூன்றுக்கும் பொது. ‘இசை’ என்ற பின்பாதியை மட்டும் மாற்ற விரும்புகிறேன். கோல்ட்ரேனின் ‘இம்ப்ரெஷன்ஸ்’ அந்த 1963 நாடாவிலும் இருக்கிறது. அதே இசையின் வேறொரு வாசிப்பு அவ்வாண்டிலேயே வெளியாகிவிட்டது. கிடந்தது அந்த இசையன்று, ஒரு குறிப்பிட்ட நாளின் பதிவு. ஆகவே ‘கிடப்புப் பதிவு’ என்று முன்மொழிகிறேன். பகரங்கள் நெருங்கி ஒலிப்பது உண்மைதான். நாலைந்து முறை வாய்விட்டுச் சொன்னால் பழகிவிடுகிறது. ‘கிடப்பு’ என்பதில் அலட்சியத்தின் சாயல் இருக்கிறதே என்று நம் வட்டத்து ஆசிரியை அம்மா கவலைப்பட்டிருந்தார். அலட்சியம் நடந்திருக்கிறது, அம்மா. ஒரு பெருங்கலைஞரின் மூல நாடாவைப் பேணாமல் விட்டதை மூடி மறைக்கும் சொல் நமக்கு எதற்கு?

ஒரு கடினமான நிலையும் உண்டு. ஜாஸ் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர் 2014இல் ஸ்டாக்ஹோமில் நடத்திய கச்சேரி, அவர் 2023இல் மறைந்த பின், 2024இல் வெளிவந்தது. ஆனால் வெளியிடத் தேர்ந்தெடுத்தவர் அவரே. கலைஞரே தெரிந்து எடுத்துவைத்ததைக் கிடப்பு என்பது எனக்கு உறுத்துகிறது. இத்தகையவற்றுக்குப் பெயரொட்டு எதுவும் இல்லாமல் இரண்டு ஆண்டுகளையும் தருவதே போதும் என்று கருதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

இடையில் ஒருவர் கேட்டிருந்ததற்கும் விடை: தனித்தனியே வெளிவந்த பாடல்களைப் பின்னர் ஒன்றுசேர்த்தால் அதைத் ‘திரட்டு’ என்போம். தனிப்பாடல் திரட்டு என்ற பழைய வழக்கு இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை.

மறுப்பு வராவிட்டால், அடுத்த பட்டியலில் அந்த வரி இவ்வாறு அமையும்: ‘ஜான் கோல்ட்ரேன், போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ். கிடப்புப் பதிவு. பதிவு 1963, முதல் வெளியீடு 2018.’ அந்த மாணவிக்குப் பட்டியலின் முதல் பிரதியை நானே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து