மாடிப்படி அடியில் இருக்கும் ஸ்டோர் ரூம் கதவைச் சுவரோடு சுவராக மறைக்க முடியுமா?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் சொந்த வீடு. ஹாலில் மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, இன்வெர்ட்டர், கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் அதற்குள்தான். அதன் வாசல் டிவி வைக்கிற சுவரிலேயே வந்து தொலைத்துவிட்டது. சுவர் 11 அடி நீளம், 10 அடி உயரம். வாசல் 30 இன்ச் அகலம், ஐந்தரை அடி உயரம். பழைய பிளஷ் டோர் அழுது வடிகிறது.

கதவு இருப்பதே தெரியக் கூடாது என்பது வீட்டம்மா கட்டளை. எங்கள் கார்பென்டர் புத்தக அலமாரியையே கதவாகச் செய்யலாம் என்கிறார். எனக்கு ஆசைதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இழைப்புளி:

தம்பி, நாகர்கோவிலில் 26 வருஷமாக மரவேலை பார்க்கிறேன். இந்த மாதிரிக் கதவு இதுவரை ஒன்பது செய்திருக்கிறேன். முதல் கதவு என் வீட்டில். அது படுதோல்வி என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன்.

சுவரும் கதவும் ஒரே பெயின்ட், நடுவில் கோடே இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இடுக்கில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, ரெண்டு கோட் எமல்ஷன் அடித்தேன். முதல் நாள் பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள். நாலாவது நாள் கதவைச் சுற்றி மயிரிழையாக விரிசல். கதவுக்கு நான் போட்டது வேங்கைப் பலகை. ஐப்பசி மழையில் அது ஊதிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. பங்குனி வெயிலில் சுருங்கி, நாலு பக்கமும் கறுப்புக் கோடு போட்டுக் காட்டியது. சிமென்ட் பூச்சு அசையாது, மரம் அசையும். இரண்டையும் ஒட்டவைக்க முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் கோட்டை அழிக்கப் பார்க்காதீர்கள். சுவர் முழுக்கக் கோடு போடுங்கள், கதவின் கோடு அதில் ஒன்றாகப் போகட்டும்.

உங்கள் சுவர் 132 இன்ச். 6 இன்சுக்கு ஒரு காடி, அதாவது பள்ளக் கோடு, என்று செங்குத்தாகப் போட்டால் 22 பட்டை வரும். 30 இன்ச் கதவு சரியாக ஐந்து பட்டை. காடியின் அகலம் ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச் இருக்கட்டும். கதவைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியும் அதே ஒரு நூல்தான் என்பதால் எது காடி, எது கதவு என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒன்று மட்டும் கவனம்: அளவைச் சுவர் மூலையிலிருந்து தொடங்காதீர்கள், கதவின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். மிச்சம் மீதி வந்தால் மூலையில் ஒதுங்கட்டும், அங்கே யாரும் பார்ப்பதில்லை.

காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மேல் கோடுதான். ஐந்தரை அடியில் குறுக்கே ஒரு கோடு நின்றால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். சுவரில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல் பேனல் போட்டால் பேனல் சுவரை விட்டு ஒன்றரை இன்ச் வெளியே நிற்கும். கதவும் அந்தக் கனத்திலேயே வாசலின் மேல் மூடி போல உட்காரும். அப்படி வைத்தால் கதவின் உயரம் வாசலின் உயரமாக இருக்க வேண்டியதில்லை. 7 அடிக்கு ஏற்றிவிட்டு, அதே உயரத்தில் சுவர் முழுக்க ஒரு குறுக்குக் காடி ஓட்டிவிடுங்கள். கீழே ஸ்கர்ட்டிங்கையும் அறுத்துக் கதவோடு சேர்த்து ஒட்ட வேண்டும். தரை டைல்ஸ் கதவு திறக்கும் பக்கம் ஏறுகிறதா என்று முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். என் நாலாவது கதவு அப்படித்தான் பாதியில் தட்டி நின்றது.

வெளியே, ஹால் பக்கமாகத் திறப்பது நல்லது. நிறுத்துச் சட்டம் உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. சாதாரணக் கீல் போட்டால் அதன் குழல் வெளியே துருத்தும், ஆகவே உள்ளே மறைந்திருக்கும் கன்சீல்டு கீல் அல்லது மேலும் கீழும் பிவட் (கதவு சுழல்கிற முளை). பலகை வேண்டாம், பிளைவுட்டே போதும்; அது பலகை அளவுக்கு ஊதாது.

புத்தக அலமாரி விஷயம். ஓர் அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 8, 10 கிலோ வரும். ஐந்து தட்டு என்றால் புத்தகம் மட்டுமே நூறு கிலோவைத் தொடும், அப்புறம் மரத்தின் எடை. கீல் ஸ்க்ரூவை மேலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பிவட் என்றால் எடை தரைக்கு இறங்கும், அது தாங்கும். கார்பென்டர் 'அடியில் வீல் வைத்துவிடலாம்' என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள், ஆறே மாதத்தில் டைல்ஸில் அரைவட்டமாகத் தடம் விழுந்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 30 இன்ச் அகலக் கதவு ஒன்றரை இன்ச் கனம் என்றால் திறக்கும்போது அதன் உள்மூலை சுற்றுவதற்கு 30 இன்சுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். அதே கதவு 10 இன்ச் ஆழ அலமாரி என்றால் மூலைக்கு மூலை 31.6 இன்ச். ஒன்றரை இன்ச் கூடுதல். கீல் ஓரமாக இருந்தால் அந்த ஒன்றரை இன்சை எதிர்ப்பக்கம் விட்டுத்தான் ஆக வேண்டும், பிறகு அந்தச் சந்தை மறைக்கக் கதவில் ஒரு பட்டை அடித்துச் சுவரின்மேல் ஏற்ற வேண்டும். கீல் பக்கம் அப்படி ஏற்றினால் கதவே திறக்காது. சாதாரண வீட்டுக்கு இத்தனை பாடு தேவையா என்பது என் கேள்வி.

மாடிவீட்டு அக்கா:

அண்ணன் சொன்னதில் மரக்கணக்கு எல்லாம் சரி. தம்பி, இன்வெர்ட்டர் உள்ளே என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். கதவைச் சுவர் போல அடைத்துவிட்டு உள்ளே அதை வைக்கக் கூடாது. பேட்டரியை வெளியே எடுங்கள், இல்லையென்றால் வேறு பக்கச் சுவரில் மேலும் கீழும் காற்றுப் போக வழி செய்யுங்கள். அரிசி மூட்டைக்கும் அதுதான் நல்லது, இல்லாவிட்டால் புழுக்கநாற்றம் எடுக்கும்.

உள்பக்கம் கைப்பிடி கட்டாயம் வையுங்கள். எங்கள் வீட்டில் வெளியே அழுத்தினால் திறக்கிற கேட்ச் மட்டும் போட்டார்கள். கண்ணாமூச்சி ஆடிய பையன் உள்ளே போய் மூடிக்கொண்டான். கரென்டும் இல்லை. அவன் கத்துவது கேட்கிறது, பதற்றத்தில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று எனக்கே மறந்துவிட்டது. சுவரைத் தட்டிக்கொண்டே அழுதேன்.

படியோரம்:

வாசல் ஐந்தரை அடி, கதவு 7 அடி என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய கதவு திறந்ததும் கால் வேகமாக உள்ளே போகும், நெற்றி நிலையில் மோதும். ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து, நாட்குறிப்பு எழுதிய ஆனி ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் குடும்பம் ஒளிந்திருந்த இடத்தின் வாசலை மறைக்க 1942-இல் கீல் வைத்த அலமாரி ஒன்று செய்தார்கள். அதன் பின்னால் இருந்த வாசல் தாழ்வு. மூன்று நாளில் எல்லார் நெற்றியும் வீங்கியதாம். அப்புறம் மரச்சீவலைத் துணியில் பொதிந்து நிலையில் ஆணி அடித்து வைத்தார்கள். நீங்களும் மேல் நிலையில் ஒரு ஃபோம் பட்டை ஒட்டிவிடுங்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அலமாரி ஆசையை விட்டுவிட்டேன், பட்டைப் பேனல்தான். பேட்டரி மாடிக்குப் போகிறது. இழைப்புளி அண்ணா, கைப்பிடி இல்லாமல் எப்படித் திறப்பது? அக்கா சொன்ன அந்த அழுத்துகிற கேட்ச் போதுமா?

இழைப்புளி:

அது அலமாரிக் கதவுக்குச் செய்த சாமான் தம்பி. 7 அடிக் கதவுக்கு வலு காணாது, அதோடு எல்லாரும் ஒரே இடத்தில் கை வைத்து அழுத்துவார்கள். ஆறு மாதத்தில் அந்த இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுக்கும், அம்புக்குறி போட்ட மாதிரி. இழுத்தால் விடுபடுகிற உருளை கேட்ச் போடுங்கள். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு காடியை மட்டும் பின்னால் கொஞ்சம் ஆழமாகக் குடைந்துவிட்டால், அதில் பிடித்து இழுக்கலாம். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ராத்திரி ஹால் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கதவு அரை நூல் முன்னே பின்னே இருந்தாலும் நிழல் விழும். விழுந்தால் கீலைத் திருத்தச் சொல்லுங்கள், பகலில் அது தெரியாது என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.