பெத்கெலெர்ட்: நாயின் கல்லறையும் அம்மாவின் கீரிப்பிள்ளையும்

வேல்ஸ் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஸ்னோடன் மலை ஏறின கதையைத்தான் சொல்வார்கள். நான் சொல்லப் போவது அந்த மலைக்குத் தெற்கே, கொல்வின், கிளாஸ்லின் என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் இருக்கும் பெத்கெலெர்ட் என்ற சின்ன ஊரைப் பற்றி. கல் வீடுகள், ஒரு கல் பாலம், சில கடைகள், அவ்வளவுதான் ஊர். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு முட்டி வலி, ஏற்றம் ஏற முடியாது, சமதரையில் நடக்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்றுதான் அங்கே போனோம்.

பாலத்தைத் தாண்டி ஆற்றங்கரையோடு ஒரு பாதை போகிறது. பக்கத்தில் புல்வெளி, செம்மறி ஆடுகள். மரத்தடியில் கம்பி வேலிக்குள் இரண்டு ஸ்லேட் பலகைகள், ஒன்றில் வெல்ஷ், இன்னொன்றில் ஆங்கிலம். நான் ஆங்கிலத்தைப் படித்துப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 13-ஆம் நூற்றாண்டில் வடக்கு வேல்ஸை ஆண்ட லிவெலின் வேட்டைக்குப் போகிறார், கெலெர்ட் என்ற அவருடைய நாயை அன்றைக்குக் காணோம். திரும்பி வந்தால் அது துள்ளிக்கொண்டு எதிரே ஓடி வருகிறது, உடம்பெல்லாம் ரத்தம், உள்ளே போய்ப் பார்த்தால் தொட்டில் காலி.

“போதும், நிறுத்து” என்றாள் அம்மா. “கொன்னுட்டு அப்புறம்தான் பார்ப்பான், குழந்தை பத்திரமா இருக்கும். இது நம்ம கீரிப்பிள்ளைக் கதைடி. பாம்புக்குப் பதிலா இங்கே என்ன?”

ஓநாய் என்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதில் இதே அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு அந்தக் கீரிக்காக அழுதிருக்கிறேன், தண்ணீர்க் குடத்தோடு வந்த தாய் அதன் வாயில் ரத்தத்தைப் பார்த்துக் குடத்தை அப்படியே அதன் மேல் போட்டுவிடுவாளே, அந்த இடத்தில்.

வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். கல்லறை லிவெலின் காலத்தது இல்லை. 1790-களில் அந்த ஊர் கோட் ஹோட்டலை நடத்திய டேவிட் பிரிட்சர்ட் என்பவர், ஊருக்கு ஆட்கள் வரட்டும் என்று எழுப்பியது என்றே பலரும் சொல்கிறார்கள். வெல்ஷில் பெத் என்றால் கல்லறை. ஊர்ப் பெயரில் இருக்கும் கெலெர்ட், பழைய காலத்துக் கிறிஸ்தவத் துறவி ஒருவராக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அப்புறம் வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் இதைக் கவிதையாக எழுத, ஹைடன் அதற்கு இசையமைக்க, ஊர் பெயர் பெற்றுவிட்டது. ஆனால் பிரிட்சர்ட் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். “வேட்டை நாயைக் கொன்றவன் வருந்தின மாதிரி” என்று வெல்ஷில் ஒரு பழமொழியே இருக்கிறது. பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும் 8-ஆம் நூற்றாண்டில் அரபிக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது இந்தக் கதையும் கூடவே நடந்திருக்கிறது. பிரான்சில் லியோன் பக்கம் கினெஃபோர் என்ற வேட்டை நாயைப் பற்றி இதே கதை, அங்கே இன்னும் பாம்புதான். அந்த நாயைப் புனிதராகவே கருதி, நோய்ப்பட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அதன் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள் அந்த ஊர்த் தாய்மார்கள். வேல்ஸுக்கு வந்ததும் பாம்பு போய் ஓநாய் வந்துவிட்டது.

அம்மா தமிழாசிரியையாக இருந்தவள். பாதையோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் சிலப்பதிகாரத்துக்குப் போய்விட்டாள். அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்லும்போது இந்தக் கீரி வருகிறது. ஆனால் அங்கே கீரி ஏற்கெனவே செத்துப்போய்விட்டது. கதை அதைக் கொன்றவளைப் பற்றியது. கணவன், இனி உன் கையால் உண்டு வாழ்வது தகாது என்று வடக்கே கிளம்பிவிடுகிறான், வடமொழி எழுதின ஓர் ஏட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு. அதை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அழுதவளைக் கோவலன் கூப்பிட்டு, அவள் பாவம் தீரத் தானம் செய்து, கணவனையும் தேடிக் கூட்டி வந்து, வாழப் பொருளும் கொடுக்கிறான். இங்கே ஸ்லேட் பலகையில், லிவெலின் அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லையாம் என்பதோடு சரி. “பாவம், இவனுக்கு ஒரு கோவலன் வரலை” என்றாள். எத்தனையோ தடவை படித்த பகுதி, எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் எங்கள் பேச்சு என்ன மொழி என்று கேட்டு, தன் பங்குக்கு இரண்டு சொன்னார். 1949 செப்டம்பரில் ஒரு நள்ளிரவில் இங்கே ஒரு ஹோட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு விண்கல் விழுந்தது. இன்னொன்று, வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தினாஸ் எம்ரிஸ் குன்று. வோர்டிகெர்ன் என்ற அரசன் அங்கே கோட்டை கட்டக் கட்ட ராத்திரியில் இடிந்து விழுந்ததாம். தகப்பனில்லாத பிள்ளையைப் பலி கொடு என்றார்கள். பிடித்து வந்த பையனோ, அடியில் குளம் இருக்கிறது, அதற்குள் இரண்டு டிராகன்கள் என்றான். தோண்டினால் சிவப்பும் வெள்ளையும் சண்டை போட்டன, சிவப்பு ஜெயித்தது. வேல்ஸ் கொடியில் இருப்பது அந்தச் சிவப்பு டிராகன்தான் என்று அவர் சொன்னபோது குரலே மாறிவிட்டது.

போகிறவர்கள் கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளிப் பாழடைந்த ஒரு சிறு வீடு இருக்கிறது, அதற்குள்ளே வெண்கலத்தில் நாய். அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அதன் தலையைத் தடவிக்கொண்டே நின்றவளைக் கிளப்ப எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.