இமைச் சுரப்பியைப் பார்க்க போன் போதுமாம்!

கண்காணி: "கண் எரிகிறதா, இமையைத் திருப்பி போனில் படம் எடுங்கள், இமையில் எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பியின் கோளாறு வீட்டிலேயே தெரிந்துவிடும்" என்று செல்வா அளந்துவிட்டிருக்கிறார். பதினைந்து வருடமாக ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) முன்னால் உட்காருகிறவன் சொல்கிறேன், அந்தச் சுரப்பிகள் இமைக்குள் இருக்கும் கெட்டியான தட்டில் புதைந்து கிடக்கின்றன, சாதா வெளிச்சத்தில் மங்கல் கோடுதான். தெளிவாகப் பார்க்க அகச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, வேண்டும். போன் கேமராவில் அதைத் தடுக்கவே வடிகட்டி வைத்திருக்கிறார்கள்.

செல்வா: டிவி ரிமோட்டை முன் கேமராவுக்கு நேராகப் பிடித்து பட்டனை அழுத்துங்கள் ஐயா. ஊதாவாக மினுக்கும். அது அகச்சிவப்பு இல்லாமல் என்னவாம்?

கண்காணி: ரிமோட் பல்பு நேராக லென்ஸுக்குள் அடிக்கிறது. இமையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அதில் எத்தனை பங்கு? 2008-இல் ஜப்பானில் அரிட்டா குழுவினர் கருவி இமையில் படாமல் சுரப்பிகளைப் படமெடுத்ததும் அகச்சிவப்புக் கேமராவில்தான், ரிமோட்டில் அல்ல.

பாண்டி: என் போனில் முன் கேமராவில் தெரிகிறது, பின் கேமராவில் தெரியவில்லையே?

செல்வா: பாருங்கள், தெரிகிறதாம்!

கண்காணி: பின் கேமராவில் தெரியவில்லை என்றதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள்.

மலர்: நானும் போனில் எடுத்தேன். சிவப்புச் சதையும் ஃப்ளாஷ் பளபளப்பும்தான் வந்தது. டாக்டர் இமை ஓரத்தை விரலால் அழுத்தினார், எண்ணெய் பற்பசை மாதிரி கெட்டியாகப் பிதுங்கியது. எந்தப் படமும் தேவைப்படவில்லை.

செல்வா: வடிகட்டியைக் கழற்றிவிட்டு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்ஈடி ஒட்டினால் அதுவும் போன்தானே? உங்கள் கடை மெஷினுக்கு வேலை போய்விடும் என்று பயம். கண்புரை விவாதத்திலும் இப்படித்தான் குதித்தீர்கள்.

கண்காணி: கண்புரை விவாதத்தில் பாதியில் ஓடியது யார்? வடிகட்டியைக் கழற்றிய போனையா ஊரில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்? சரி, படமே கிடைத்தது என்று வையுங்கள். சுரப்பி பாதி அழிந்தும் எரிச்சல் இல்லாதவர் உண்டு, படத்தில் முழுசாக இருந்தும் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டவரும் உண்டு. அழுத்திப் பார்க்க வேண்டும், கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். போன் அழுத்துமா?

செல்வா: ரிமோட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாண்டி: வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா, அதையாவது சொல்லுங்க.

கண்காணி: அதைத் தனியாகக் கேளுங்கள் தம்பி. செல்வா, அந்த ரிமோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து, சுவரில் என்ன தெரிகிறது என்று படம் போடுங்கள் பார்ப்போம்.

செல்வா: சுவருக்கு இமை இருக்கிறதா?