மறு: டைம் சோன், ஆஃப்செட் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே, நாட்காட்டிச் செயலியைத் தமிழாக்கும்போது ‘டைம் சோன்’, ‘ஆஃப்செட்’ ஆகியவற்றுக்கு என்ன சொல் வைப்பது என்று குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘நேர மண்டலம்’ என்றே வைத்துவிடலாம். மாநகராட்சியில் மண்டலம், ரயில்வேயில் மண்டலம். எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

தமிழ்நாட்டில் பழகியதுதான். இலங்கையில் அந்த இடத்தில் ‘வலயம்’ இருக்கிறது. கல்வி வலயம், வலயக் கல்விப் பணிப்பாளர் என்று அன்றாடம் புழங்குகிற சொல். என் ஓட்டு ‘நேர வலயம்’. பெரும்பான்மை மண்டலம் என்றால் அதற்கும் சரி. என் கவலை வேறு.

நாம் தமிழாக்கும் நாட்காட்டிச் செயலியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘ஆசியா/கொழும்பு’ என்ற பெயருக்கு மேலேயும் ‘நேர மண்டலம்’, பக்கத்தில் இருக்கும் ‘+05:30’ என்ற எண்ணுக்கு மேலேயும் ‘நேர மண்டலம்’. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது டைம் சோன்; இரண்டாவது ஆஃப்செட், அதாவது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி முன்னே அல்லது பின்னே என்ற எண். கொழும்பையே எடுத்துக்கொள்வோம். 1996 மே வரை +05:30. மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அந்த மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள்; +06:30 ஆனது. அக்டோபரில் அரை மணி குறைத்து +06:00. அது கிட்டத்தட்ட பத்து வருடம் நீடித்து, 2006 ஏப்ரலில் மறுபடி +05:30. வலயம் ஒன்றுதான், எண் மூன்று முறை மாறிவிட்டது. இதில் இன்னொன்று: புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் இரண்டு கடிகாரம்.

2001இல் கொழும்பில் காலை 6:15க்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் கணிக்க வேண்டும் என்று வையுங்கள். அன்றைய ஆறு மணி நேரத்தைக் கழித்தால் யூடிசி 0:15. இன்றைய ஐந்தரையைக் கழித்தால் 0:45. அரை மணி பிசகினால் லக்னமே மாறக்கூடும். அதே நாளில் கிளிநொச்சியில் பிறந்திருந்தால் ஐந்தரையைக் கழிப்பதுதான் சரி. ஆக, வலயம் என்பது ஓர் இடத்துக் கடிகாரத்தின் முழு வரலாறு. அந்த எண் குறிப்பிட்ட ஒரு நாளில் யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது மட்டுமே. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

> ஆஃப்செட்டுக்கு ‘ஈடுசெய்’ ஏற்கனவே அகராதியில் இருக்கிறதே.

அது கணக்குப் பதிவில் ஒன்றுக்கு ஒன்று சரிக்கட்டுவது. இங்கே யாரும் எதையும் ஈடு செய்யவில்லை. என் முன்மொழிவு ‘நேர விலக்கம்’. புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று படித்திருக்கிறோம். இலங்கையில் நியம விலகல். அங்கேயும் விலக்கம் என்றால் ஓர் அடிப்படையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். ‘நேர வித்தியாசம்’ வேண்டாம். அது இரண்டு ஊர்களுக்கு இடையில் உள்ளது. மக்கள் வாயில் இருக்கும் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுவோம்.

உதவிப் பக்கத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “உங்கள் ஊர் நேரத்திலிருந்து அதன் விலக்கத்தைக் கழித்தால் யூடிசி வரும். அதனுடன் மற்ற ஊரின் விலக்கத்தைக் கூட்டுங்கள்.” சென்னையில் இரவு 7:00 என்றால் யூடிசி 13:30. டொராண்டோவின் விலக்கம் கோடையில் −04:00, அங்கே காலை 9:30. குளிர்காலத்தில் −05:00, காலை 8:30. கழித்தல் குறி உள்ள எண்ணைக் கூட்டும்போது சிலர் தடுமாறுவார்கள், அதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்.

> டேலைட் சேவிங்: ‘பகலொளி சேமிப்பு நேரம்’

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கத்துக்கான இந்தப் பெயர் பொத்தானில் அடங்காது. ‘கோடை நேரம்’ போதும். பிரிட்டனில் ஆங்கிலத்திலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கோடை நேரம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் தொடங்காது என்பதை உதவிப் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். கனடாவில் டொராண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும். நடுவில் உள்ள நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மணியல்ல, நான்குதான். இணையவழித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் நேரம் தவறி வருவதெல்லாம் இந்த வாரங்களில்தான்.

அப்புறம், யாரும் இன்னும் தொடாத இரண்டு பிழைச்செய்திகள். மார்ச்சில் கடிகாரம் 2:00 ஆனதும் 3:00க்குத் தாவுவதால் டொராண்டோவில் அன்று 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் 2:00 ஆனதும் 1:00க்குத் திரும்புவதால் 1:30 இரண்டு தடவை வரும். முதலாவதற்கு ‘விடுபட்ட நேரம்’, இரண்டாவதற்கு ‘இரட்டித்த நேரம்’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். ‘இரட்டித்த’ என்றால் இரண்டு மடங்கு என்று தோன்றுமோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘இருமுறை வரும் நேரம்’ தெளிவு, ஆனால் நீளம். இலங்கை நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்? ‘விலக்கம்’, ‘விலகல்’ இரண்டில் எது உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பதில் வந்த பிறகுதான் கோப்பில் கை வைப்பேன்.