அறுகம்பேயில் முதன்முதலாக சர்ஃபிங்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஆகஸ்டில் நானும் தங்கையும் சர்ஃபிங் கற்றுக்கொள்ள இலங்கை போகிறோம். இருவருமே இதுவரை பலகையில் ஏறியதில்லை. முதலில் தெற்குக் கரையில் இருக்கும் வெலிகமதான் யோசித்தோம். மணல் தரை, புதியவர்களுக்கு ஏற்ற இடம். ஆனால் அங்கே சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். அதனால்தான் கிழக்குக் கரையில் அறுகம்பே.

அங்கே சர்ஃபிங் செய்யும் இடங்களை 'பாயின்ட்' என்கிறார்கள். மெயின் பாயின்ட்டில் அடியில் பாறை, அந்தப் பக்கமே போகமாட்டோம். முதல் பாடத்துக்கு பேபி பாயின்ட் நல்லதா, விஸ்கி பாயின்ட் நல்லதா? விஸ்கி பாயின்ட் என்றால் தங்குவதற்கும் அந்தப் பக்கமே ரிசார்ட் பார்க்கலாமா, இல்லை தினமும் ஆட்டோவில் போய்வர முடியுமா?

என் பெரிய கவலை தங்கைதான். அவளுக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும், ஆனால் ஆசை என்னைவிட அதிகம். இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் நுரை அலையில் பொறுமையாகப் பழக்கிவிடும் பயிற்சியாளர் வேண்டும். அங்கே 2018இல் பெண்களுக்கென்றே சர்ஃப் கிளப் தொடங்கியிருக்கிறார்கள். பெண் பயிற்சியாளர் கிடைத்தால் ரொம்ப நிம்மதி. பக்கத்து ஊரான பொத்துவில் பக்கம் தமிழ் பேசுபவர்கள் அதிகம் என்பதால் தமிழிலேயே சொல்லித் தருபவர்கள் இருப்பார்களா?

அப்புறம், முழுக்கை ரேஷ் கார்டு (பலகை உரசாமலும் வெயில் படாமலும் காக்கும் இறுக்கமான மேல்சட்டை) இங்கேயே வாங்கிவிடவா, அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?