2 வருடத் தொட்டியில் கருந்தாடிப் பாசி: பெராக்சைடு ஊற்றியும் 10 நாளில் திரும்பி வருகிறது

அல்லிக்குளம்:

வணக்கம் நண்பர்களே. முதலில் என் செடி வளர்க்கும் மீன் தொட்டியின் விவரம். 90க்கு 45க்கு 45 செ.மீ.; மண், கல், கட்டை போக நிற்கும் தண்ணீர் சுமார் 150 லிட்டர். அடியில் அக்வாசாயில் (செடித் தொட்டிக்கான உருண்டை மண்), 2 வருடமாக ஓடுகிறது. பின்வரிசையில் வாலிஸ்னேரியா, நடுவில் ரொட்டாலா, கட்டையில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். 20 நியான் டெட்ரா, 15 செர்ரி இறால். கேனிஸ்டர் ஃபில்டர், பெட்டியில் போட்டிருப்பது மணிக்கு 1200 லிட்டர். எல்இடி காலை 10 முதல் மாலை 6 வரை. சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயுவைத் திறந்து மூடும் சோலினாய்டு மின்வால்வும் அதே டைமரில்தான். வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். நைட்ரேட் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மி.கி.), பாஸ்பேட் 0.2, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 4. சிஓ2 அளவை நிறத்தில் காட்டும் ட்ராப் செக்கர் மாலையில் இளம்பச்சை.

6 வாரமாக அனுபியாஸ் இலை ஓரங்களிலும் கட்டையிலும் ஃபில்டர் வாயிலும் கருந்தாடிப் பாசி. மீசையை ஒட்ட நறுக்கியதுபோல அரை செ.மீ. உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக நிற்கிறது. பிடித்து இழுத்தால் பாசி வருவதற்கு முன் இலை கிழிகிறது. முன் கண்ணாடியில் பிளேடால் மட்டுமே சுரண்ட முடிகிற கெட்டியான பச்சைப் புள்ளிகளும் இருக்கின்றன. பெராக்சைடு ஊற்றினால் சிவந்து சாகிறது. 10 நாளில் அதே இடத்தில் மறுபடி. மீன் எண்ணிக்கை, விளக்கு, உரம் எதையும் மாற்றவில்லை. இப்போது ஏன் வருகிறது? நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இன்னும் குறைக்கவா?

நீர்முள்ளி:

குறைக்காதீர்கள். 0.2 பாஸ்பேட் ஏற்கெனவே பட்டினி நிலை.

நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் 2 வருடத்தில் தொட்டி தானாக மாறியிருக்கும். ஃபில்டர் குழாய்களின் உட்சுவரில் வழவழப்பு படிந்து விட்டம் குறைந்திருக்கும். சிஓ2வை நுண்குமிழாக்கும் டிஃப்யூசரின் பீங்கானில் பாதித் துளைகள் அடைத்திருக்கும். ரொட்டாலாவும் வாலிஸ்னேரியாவும் அடர்ந்து, முன்பு சுற்றி வந்த ஓட்டத்தைச் சுவர்போல் தடுத்துக்கொண்டிருக்கும். செடிக்கடியில் மக்கிய கழிவு சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் சிறியது. எல்லாம் சேர்ந்தால் செடிக்குச் சிஓ2 போய்ச்சேர்வது ஒழுங்கில்லாமல் போகிறது. கருந்தாடிக்கு அந்த ஏற்ற இறக்கமும் அழுகும் கழிவும் போதும்.

மருந்து எதுவும் ஊற்றுவதற்கு முன் மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பிஎச். தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து 24 மணி நேரம் திறந்து வைத்து அளவிடுங்கள். அதுதான் வாயு வெளியேறிய நிலை, சிஓ2 ஏறக்குறைய 3 பிபிஎம் என்று கொள்ளலாம். பிறகு தொட்டியிலேயே விளக்கு எரியத் தொடங்கும் நேரம், 12 மணி, 2 மணி, 5 மணி என நான்கு முறை. பிஎச் 1 இறங்கினால் சிஓ2 பத்து மடங்கு, அதாவது சுமார் 30 பிபிஎம்.

இரண்டு, ஓட்டம். ஃபில்டர் வெளிக்குழாயின் நுனியை நீர்மட்ட உயரத்திலேயே பிடித்து ஒரு வாளியில் விழவிடுங்கள். 10 லிட்டர் நிறைய எத்தனை வினாடி என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பது மீடியா (ஸ்பாஞ்ச் போன்ற வடிபொருள்) எதுவும் இல்லாத வெறும் பம்பின் கணக்கு. மீடியா போட்ட பிறகு அதில் 60 சதவீதம் வந்தாலே நல்ல நிலை.

மூன்று, வால்வைத் திறந்துவைத்து சிஓ2 சிலிண்டரின் அழுத்த மீட்டர். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் 55, 60 பார் பக்கம் அசையாமல் நிற்கும். அதிலிருந்து சரிய ஆரம்பித்திருந்தால் திரவம் தீர்ந்துவிட்டது, குமிழ் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் கடைசியில் ஒரேயடியாகக் கொட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

ட்ராப் செக்கரை மட்டும் நம்ப வேண்டாம். நிறம் மாற 1, 2 மணி நேரம் பிந்தும். மாலைப் பச்சை காலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

செங்கொடிவேலி:

இதற்கு இவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து. திரவக் கார்பன் என்று விற்கும் குளூடரால்டிஹைடு, 1.5 சதவீதம் உள்ளது, தினமும் 40 லிட்டருக்கு 1 மி.லி. வீதம் 3 வாரம் ஊற்றினால் கருந்தாடி போய்விடும்.

கொட்டிக்கிழங்கு:

செங்கொடிவேலி அண்ணா சொன்ன அளவு சரிதான், மருந்தும் வேலை செய்யும். ஆனால் இந்தத் தொட்டியில் வாலிஸ்னேரியா இருக்கிறது. குளூடரால்டிஹைடில் வாலிஸ்னேரியா பல சமயம் நுனியிலிருந்து கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்துவிடும். ரிச்சியா, எஜேரியாவும் அப்படித்தான். ஒரு வரிசை வாலிஸ்னேரியா அழுகினால் அந்தக் கழிவே அடுத்த பாசிக்குத் தீனி. சீக்கிரம் முடியட்டும் என்று இரட்டிப்பாக ஊற்றுபவர்களும் உண்டு. ஆக்சிஜன் இறங்கி மீனும் இறாலும் முதலில் போகும். ஊற்றுவதானால் கையுறை கட்டாயம், ஆவியை முகர வேண்டாம். பெராக்சைடு போடும் அதே நாளில் இதைப் போடவே கூடாது.

3 நாள் இருட்டடிப்பைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். மண்மேல் ஆடைபோலப் படர்ந்து நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் பாசிக்குத்தான் அது நல்ல வழி. கருந்தாடி இருட்டைப் பொறுத்துக்கொள்ளும், செடிதான் வாடும்.

அல்லிக்குளம்:

அளந்துவிட்டேன். டம்ளர் தண்ணீர் 7.6. தொட்டியில் காலை 10க்கு 7.4, 12க்கு 7.0, 2க்கு 6.8, 5க்கு 6.5. வாளி நிறைய 85 வினாடி. சிலிண்டர் முள் 58இல் நிற்கிறது. மாலையில் டெட்ராக்கள் மேல்மட்டத்துக்கு வந்து நிற்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

நீர்முள்ளி:

இந்த ஐந்து எண்களில் எல்லாம் வந்துவிட்டது. கேஎச் 4க்குக் கணக்குப் போட்டால் காலை 10க்கு சிஓ2 சுமார் 5 பிபிஎம், நண்பகலில் 12 பிபிஎம், பிற்பகல் 2க்கு 19, மாலை 5க்கு 38. விளக்கு எரியும் 8 மணி நேரத்தில் முதல் 4 மணி நேரம் செடி முழு வெளிச்சத்தில் பட்டினி கிடக்கிறது; கடைசி 2 மணி நேரம் மீனுக்கு மூச்சு முட்டுகிறது. நீங்கள் பார்த்த இளம்பச்சை அந்தக் கடைசி 2 மணி நேரம்தான். ஓட்டம் மணிக்கு 420 லிட்டர் சொச்சம். பெட்டியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு.

முதலில் குழாய்கள். ஃபில்டரை நிறுத்தி இரண்டு குழாய்களையும் கழற்றி நீளமான குழாய் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுங்கள். பழுப்புக் கூழாக வரும், வெறும் தண்ணீர் வரும்வரை விடாதீர்கள். இம்பெல்லரையும் (பம்பின் சுழலும் விசிறி) அது உட்காரும் குழியையும் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்பாஞ்சை இன்று தொட வேண்டாம்; அடுத்த வாரம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பளபளப்பாக்கினால் அம்மோனியா ஏறி இன்னொரு பாசியை வரவழைத்துவிடுவீர்கள்.

டிஃப்யூசர் பீங்கானை 1 பங்கு வாசனையில்லாத பிளீச், 4 பங்கு தண்ணீர் கலவையில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பல முறை அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் வைத்து, பிளீச் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பின் மாட்டுங்கள். குமிழ் பட்டாணியாக வெடிக்காமல் மூடுபனியாகக் கிளம்ப வேண்டும். அந்த மூடுபனி ஃபில்டர் ஓட்டத்தில் சிக்கிக் கீழே இறங்கும்படி இடம் பாருங்கள்.

சிஓ2க்குத் தனி டைமர் வேண்டும். காலை 8க்குத் திறந்து மாலை 5க்கு மூடட்டும். விளக்கு எரியத் தொடங்கும்போது பிஎச் 6.7க்கு வந்திருக்க வேண்டும், அணையும்வரை 6.6ஐத் தாண்டி இறங்கக் கூடாது. அப்படித் தட்டையாக நிற்க ஒரு வழி இருக்கிறது, கேட்க முரணாகத் தோன்றும்: ஃபில்டர் வாயைக் கொஞ்சம் மேலே திருப்பி நீர்மட்டம் முழுவதும் சலசலக்க விடுங்கள், அதோடு சிஓ2 குமிழ் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். வாயு கொஞ்சம் வீணாகும். ஆனால் மட்டம் சீக்கிரம் ஏறி அங்கேயே நிற்கும், ஆக்சிஜனும் கூடும். கூட்டுவதை 2 நாளுக்கு ஒரு முறை, கொஞ்சமாகச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் நாளில் மட்டும்.

விளக்கை 6 மணி நேரமாக்கி, வெளிச்சத்தை 60 சதவீதத்துக்கு இறக்குங்கள். வெளிச்சம் குறைந்தால் செடியின் சிஓ2 பசியும் குறையும், உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

கொட்டிக்கிழங்கு:

இருக்கிற பாசியை அகற்றுவது பற்றி நான் சேர்க்கிறேன்.

கால் பங்குக்கு மேல் பாசி பிடித்த அனுபியாஸ் இலைகளைத் தயங்காமல் காம்பின் அடியில் வெட்டுங்கள். அந்த இலை தேறாது. ரொட்டாலாவின் நுனிகளை வெட்டி நட்டு, கீழ்ப்பகுதியைத் தூக்கிப் போடுங்கள். 3 வாரத்துக்கு வாரம் இருமுறை 50 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மண் பரப்பில் மூன்றில் ஒரு பகுதியின் மேல் மட்டும் சைஃபன் குழாயைப் பிடித்துக் கழிவை இழுங்கள். அக்வாசாயிலைக் குத்திக் கிளற வேண்டாம்.

தண்ணீர் பாதிக்கு இறங்கியிருக்கும்போது கட்டையின் மேல்பகுதி வெளியே நிற்குமே, அதுதான் பெராக்சைடுக்குச் சரியான நேரம். 3 சதவீதக் கரைசலை பிரஷ்ஷால் பாசிமேல் தடவி 5 நிமிடம் விட்டு நிரப்புங்கள். செடியில் படாமல் பாருங்கள், மாஸ் வகைச் செடிகள் தாங்காது. தண்ணீருக்குள் இருக்கும் பாசிக்கு ஃபில்டரை 10 நிமிடம் நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாக அதன்மேல் விடுங்கள். ஒரு நாளுக்கு மொத்தம் 4 லிட்டருக்கு 1 மி.லி.யைத் தாண்டக் கூடாது. உங்கள் 150 லிட்டருக்கு அது 37 மி.லி.; இறால் இருப்பதால் 20இல் நின்றுகொள்ளுங்கள். பாட்டிலில் '10 வால்யூம்' என்றிருந்தால் அதுதான் 3 சதவீதம். '20 வால்யூம்' என்றால் 6 சதவீதம், அளவைப் பாதியாக்குங்கள்.

2, 3 நாளில் சிவப்பாகும். கருந்தாடி உண்மையில் செம்பாசி வகை. பச்சையம் சிதைந்ததும் உள்ளிருக்கும் செந்நிறமி தெரிகிறது. சிவந்த பிறகுதான் இறால்கள் அதைத் தின்ன வரும். உயிருள்ள கருந்தாடியைக் கடிக்கும் மீன் என்றால் சியாமீஸ் ஆல்கே ஈட்டர். வாங்கும்போது உடற்கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடுகிறதா, அதன் ஓரம் பிசிறாக இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு மேல் பொன்னிறப் பட்டை தெளிவாக ஓடினால் அது ஃபிளையிங் ஃபாக்ஸ், பெரிதானதும் மற்ற மீன்களைத் துரத்தும். அசல் சியாமீஸும் 15 செ.மீ. வளரும், வயதானால் பாசியை விட்டு மீன் தீனிக்குப் பழகிவிடும். ஆகவே இந்தத் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 10 அமானோ இறால் போதும்.

செங்கொடிவேலி:

வாலிஸ்னேரியாவைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். கொட்டிக்கிழங்கு சொன்னதே சரி.

கண்ணாடிப் பச்சைப் புள்ளிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பாஸ்பேட் பற்றாக்குறையோடு அதிகம் சேர்ந்து வருவது அந்தப் புள்ளிதான். 1 பிபிஎம் வரை தயங்காமல் ஏற்றலாம். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 0.2 கிராம் 150 லிட்டரில் ஏறக்குறைய 1 பிபிஎம் தரும். பொட்டாசியம் நைட்ரேட் 2.4 கிராம் 10 பிபிஎம் நைட்ரேட் தரும். ஒவ்வொரு 50 சதவீத மாற்றத்துக்குப் பிறகும் இதில் பாதியாவது திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மாற்றமே செடியைப் பட்டினி போடும். 0.2 கிராமைச் சமையல் தராசில் நிறுக்க முடியாது. 10 கிராமை 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்தால் 10 மி.லி.யில் 0.2 கிராம் வரும். இரும்புச்சத்து கலந்த நுண்ணூட்டத்தை மறுநாள் விடுங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் இரும்பு பாஸ்பேட்டாகப் படிந்து இரண்டுமே வீணாகும்.

அல்லிக்குளம்:

குழாய், டிஃப்யூசர், தனி டைமர் எல்லாம் முடிந்தது. வாளி 52 வினாடியில் நிறைகிறது. காலை 10க்கு 6.7, மாலை 5க்கு 6.6. டெட்ராக்கள் கீழேயே நிற்கின்றன. கட்டையில் பாசி சிவந்துவிட்டது, மீதி அனுபியாஸில் பழையது இன்னும் இருக்கிறது. எதை வைத்து முன்னேற்றத்தைப் பார்ப்பது, விளக்கை எப்போது பழையபடி ஏற்றலாம்?

நீர்முள்ளி:

நன்றாக வந்திருக்கிறது. 52 வினாடி என்றால் மணிக்கு 690 லிட்டர், 150 லிட்டர் தொட்டிக்குப் போதும். ஸ்பாஞ்சைப் பிழிந்ததும் இன்னும் கூடும். மாதம் ஒரு முறை இந்த வாளி அளவை எடுத்துக் குறித்துவையுங்கள். 70 வினாடியைத் தொட்டால் குழாயைக் கழற்ற வேண்டிய நேரம்.

பழைய இலையைப் பார்க்காதீர்கள், அதில் உள்ளது போகாது. இன்று ஒவ்வொரு அனுபியாஸிலும் எது கடைசி இலை என்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் விரியும் இலைகளின் ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி. அனுபியாஸ் மெதுவாகத்தான் இலை விடும் என்பதால் 4, 5 வாரம் ஆகும். ரொட்டாலா நுனி 10 நாளில் சொல்லிவிடும். புது இலைகள் 3 வாரம் சுத்தமாக நின்ற பிறகு முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வாரம் அரை மணி வீதம் 8 மணி வரை. நேரம் முடிந்த பிறகே வெளிச்சம், வாரம் 5 சதவீதம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், திரும்ப வந்தால் எதனால் என்று தெரியாது. ஒவ்வொரு முறை வெளிச்சம் கூட்டியதும் காலை 10, பிற்பகல் 2 பிஎச்சை மறுபடி அளந்து பாருங்கள். 2 மணிக்கு 6.7க்கு மேலே ஏறினால் செடி வாயுவை வேகமாக இழுக்கிறது என்று பொருள், அடுத்த 5 சதவீதத்துக்கு முன் குமிழைக் கூட்டுங்கள்.