256 டையோடு போட்ட போர்டை அலுமினியத் தகடு ஜெயிக்குது, எங்கே தப்பு?

பின்டையோடு_பித்தன்:
எம்.இ. ப்ராஜெக்டுக்காக 5.8 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஐஎஸ் போர்டு (ரேடியோ அலையை வேண்டிய பக்கம் திருப்பிவிடும் பலகை) செய்தேன். 16×16 செல், செல்லுக்கு சுவிட்ச் மாதிரி ஒரு பின் டையோடு, திரும்பும் அலையின் கட்டத்தை (phase) 0 அல்லது 180 டிகிரி மாற்றும், அவ்வளவுதான். சால்டரிங் மட்டும் பதினோரு நாள். வராண்டா 'ட' மாதிரி திரும்புகிற மூலையில் 45 டிகிரி சாய்த்து நிறுத்தினேன். இரண்டு பக்கமும் 5 மீட்டரில் ஹார்ன் ஆன்டெனா. போர்டு இல்லாததைவிட சிக்னல் 12 டிபி (டெசிபல்) ஏறியது, குதித்தேன். லேப் அண்ணன் சிரித்துக்கொண்டே அதே அளவு அலுமினியத் தகட்டை வைத்தார். 14 டிபி! திங்கட்கிழமை ரிவியூ.

பழைய_ஆர்எஃப்:
தம்பி, போர்டில் தப்பில்லை, நிறுத்திய இடத்தில்தான். 45 டிகிரியில் வைத்தால் கண்ணாடி மாதிரி தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். எல்லா டையோடையும் ஒரே நிலையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே 12 வரும். எந்த செல் 0, எந்த செல் 180 என்கிற உங்கள் கோடு (code) அங்கே வேலையே செய்யவில்லை. குறைகிற 2 டிபி எஃப்ஆர்-4 சர்க்யூட் பலகையிலும் டையோடிலும் சூடாகப் போனது. போர்டை 20 டிகிரி திருப்பிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். செல்லுக்கு இரண்டே நிலை, அதாவது ஒரு பிட் என்பதால் 4 டிபி போல இழப்பீர்கள், ஆனால் தகடு அலையை வேறெங்கோ அனுப்பிவிடும்.

மொட்டைமாடி:
கோடு எப்படிக் கணக்கிட்டீர்கள்? தட்டை அலை என்று வைத்திருந்தால் திருப்பின பிறகு உதைக்கும். அலையைத் தட்டை என்று எடுத்துக்கொள்ளக்கூடிய தூரப்புலம், 41 செ.மீ. சதுர போர்டுக்கு மூலைவிட்டத்தை வைத்துப் பார்த்தால், 13 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பம், நீங்கள் நிற்பது 5-ல். செல் செல்லாக இரண்டு ஆன்டெனாவுக்கும் தூரம் போட்டுக் கணக்கிடுங்கள்.

கம்பி_சந்தேகி:
தகடே போதுமே, எதற்கு இந்தப் பாடு? மொபைல் தரநிலை வகுக்கிற 3ஜிபிபி ரிலீஸ் 18-லும் சிக்னலைப் பெருக்கி அனுப்புகிற ரிப்பீட்டருக்குத்தான் இடம் கொடுத்தார்கள்.

பழைய_ஆர்எஃப்:
ஆள் நகர்ந்தால் தகடு கூடவே திரும்புமா? ஜப்பானில் மொபைல் நிறுவனம் டோகோமோவும் கண்ணாடி நிறுவனம் ஏஜிசியும் 2020-ல் 28 கிகாஹெர்ட்ஸில் காட்டியது ஜன்னல் கண்ணாடி. கண்ணாடிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினால் அலையை உள்ளே விடும், இல்லை திருப்பியடிக்கும். தகட்டில் அது முடியாது.

பின்டையோடு_பித்தன்:
20 டிகிரி திருப்பி, தூரக் கணக்கும் போட்டேன். தகடு 1 டிபி, போர்டு 7! அனுப்புகிற ஹார்னை 2 மீட்டருக்குக் கொண்டுவந்து, வாங்குவதை 8-க்குத் தள்ளினால் இன்னும் 3 டிபிக்கு மேல் ஏறுகிறது. 5×5 = 25, 2×8 = 16, இரண்டு தூரத்தின் பெருக்கல் குறைந்தால் சிக்னல் ஏறும் போல. அண்ணன் தகட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.